ஆளு தேடுன வீடு: 'தி ஹாண்டிங்' படம் ஏன் இன்னமும் பயமுறுத்துது

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த ராபர்ட் வைஸ்தான் 'தி ஹாண்டிங்' படத்தையும் எடுத்தாருன்னு சொன்னா நெறைய பேரு நம்ப மாட்டேங்காங்க. 1961ல 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'ன்னு தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டுமா ஒரு கலர் படம், 1965ல மலைச்சரிவுல பிள்ளைகள கூட்டிக்கிட்டு பாடுற இன்னொரு கலர் படம், ரெண்டுக்கும் நடுவுல 1963ல மனுஷன் இங்கிலாந்துக்குப் போயி கறுப்பு வெள்ளையில ஒரு பேய் வீட்டுப் படம் எடுத்துட்டு வந்துருக்காரு, அதுல கடைசி வரைக்கும் பேயே வராது.

இந்தப் படத்தப் பத்திப் பேசுற எல்லாரும் "பேயக் காட்டாமலே பயமுறுத்திட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க. அது சரிதான், ஆனா பாதிதான் சரி. காட்டாம விட்டா மட்டும் பயம் வந்துராது, அப்படி வரும்னா இருட்டு ரூமுக்குள்ள கேமராவ வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தாலே போதுமே. அந்த வீட்டுக்கு ஒரு ஆளு வேணும், அந்தப் பொண்ணுக்கு ஒரு வீடு வேணும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு கண்டுபிடிச்சிருது, அதுதான் இந்தப் படத்தோட பயம். லென்ஸ் வேலை, சத்தம், செட்டு எல்லாமே இந்த ஒண்ணுக்காகத்தான் பாடுபட்டுருக்கு. திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா பாத்து, வில்லுப்பாட்டுல அநியாயமா செத்தவங்க கதை கேட்டு வளந்தவங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் ஆழமா உறைக்கும்னு எனக்குத் தோணுது, அதத்தான் இங்க விரிச்சு எழுதப் பாக்கேன்.

மொதல்ல கதை. அமெரிக்காவுல நியூ இங்கிலாந்துப் பக்கம் ஹில் ஹவுஸ்னு ஒரு பெரிய பங்களா, ஹ்யூ கிரெய்ன்னு ஒருத்தன் கட்டுனது, கட்டி 90 வருஷம் ஆச்சு. அவனோட மொத பொண்டாட்டி வீட்டக் கண்ணாலகூட பாக்கல, வர்ற வழியிலேயே குதிரை வண்டி மரத்துல மோதி செத்துட்டா. ரெண்டாவது பொண்டாட்டி மாடிப்படியில விழுந்து செத்தா. மக அபிகெய்ல், குழந்தையா படுத்திருந்த அதே ரூமுல கெழவியாகி, தொணைக்கு வச்சிருந்த பொண்ண சுவத்துல தட்டித் தட்டிக் கூப்பிட்டு, அவ வராமலே செத்துப்போனா. அந்தத் தொணைக்காரிக்கே வீடு சொத்தா வந்துச்சு, அவளும் கடைசியில லைப்ரரியில இருக்க சுருள் படிக்கட்டு உச்சியில தூக்குல தொங்கிட்டா. இதெல்லாம் படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே மடமடன்னு சொல்லிருதாங்க. பொறவு டாக்டர் மார்க்வேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அந்த வீட்ட வாடகைக்கு எடுத்து, அமானுஷ்ய அனுபவம் இருக்கவங்களா பாத்து தேடிக் கூப்பிடுதாரு. வந்தது ரெண்டே பேரு. அடுத்தவங்க மனசுல இருக்கத சொல்ற தியோடரா, சுருக்கமா தியோ, அப்புறம் எலினோர். எலினோர் சின்னப் புள்ளையா இருந்தப்ப அவ வீட்டு மேல கல்லு கல்லா வந்து விழுந்துச்சாம், அதனாலதான் அவளக் கூப்பிட்டாரு. (ராத்திரியில ஓட்டுமேல கல்லு விழுதுன்னு நம்ம ஊருல எத்தன வீட்டப் பத்தி பேச்சு வந்திருக்கு, அது எல்லா நாட்டுலயும் இருக்கும்போல.) கூட, வீட்டு சொந்தக்காரம்மாவோட சொந்தக்காரப் பையன் லூக். மொதல்ல வந்து தங்குனது இவ்வளவு பேருதான்.

இதுக்கு மூலம் ஷெர்லி ஜாக்சன் 1959ல எழுதுன நாவல். திரைக்கதை எழுதுனவரு நெல்சன் கிட்டிங். அவருக்கு வேலைக்கு நடுவுல ஒரு யோசனை வந்துருக்கு, இது பேய்க் கதையே இல்ல, எலினோர் மனநல ஆஸ்பத்திரியில கிடக்குறா, வீடுன்னு நாம நெனக்கிறது அந்த ஆஸ்பத்திரிதான், டாக்டர் அவளுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர், எல்லாம் அவ மனசுக்குள்ள நடக்குதுன்னு. அதக் கேக்க அவரும் வைஸும் வெர்மான்ட்டுக்குப் போயி ஜாக்சனையே பாத்துருக்காங்க. யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் எழுதுனது அமானுஷ்யக் கதைதான்னு அந்தம்மா தெளிவா சொல்லிட்டாங்க. அந்த யோசனைய அவுக தூக்கிப் போட்டாலும் அதோட தடம் படம் பூரா கெடக்கு. எலினோரு மனசுக்குள்ள நெனக்கிறது நமக்குக் குரலா கேட்டுக்கிட்டே இருக்கும். வீடு போடுற சத்தமும் அவ மனசு போடுற சத்தமும் ஒரே ஸ்பீக்கர்லதான் வருது, எது உள்ள எது வெளியன்னு பிரிக்க விடாம வச்சிருக்காங்க, இது தற்செயலா நடந்ததா எனக்குத் தோணல.

வைஸுக்கு இந்தப் பேயக் காட்டாத வித்தை எங்கேருந்து வந்துச்சுன்னா 1940கள்ல ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவுல வால் லூட்டன்னு ஒரு தயாரிப்பாளர் இருந்தாரு. கொஞ்சம் காசுல பேய்ப்படம் எடுக்கச் சொல்லி ஸ்டுடியோ குடுத்த வேலை, நல்ல வேஷம் போட்டு ஒரு மிருகத்தக் காட்ட காசு கெடையாது, அதனால நெழலையும் சத்தத்தையும் வச்சே ஒப்பேத்துனாரு, அது ஒப்பேத்துனதா இல்லாம ஒரு பள்ளிக்கூடமாவே ஆயிருச்சு. அப்ப அதே ஸ்டுடியோவுல எடிட்டரா இருந்தவருதான் வைஸ், 1941ல வந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்கும் அவருதான் எடிட்டர். அவர டைரக்டர் ஆக்குனது லூட்டன். 1951ல லூட்டன் செத்துப்போனாரு, பன்னெண்டு வருஷம் கழிச்சு வைஸ் எடுத்த இந்தப் படம் ஒரு வகையில குருவுக்கு வச்ச படையல்.

படத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை லென்ஸ்ல நடந்தது. அகலத் திரைப் படங்களுக்கு பனாவிஷன் கம்பெனி அப்ப குடுத்துக்கிட்டிருந்த வைடு லென்ஸ் 40 மில்லிமீட்டர். வைஸுக்கு அது பத்தல, இன்னும் அகலமா வேணும்னு கேட்டாரு. 30 மில்லிமீட்டர்ல ஒண்ணு செஞ்சுக்கிட்டிருக்கோம், ஆனா அது இன்னும் சரியா வரல, ஓரமெல்லாம் வளையுதுன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. எனக்கு வேண்டியதே அதுதான், வீடு கோணலாத் தெரியணும்னு இவரு சொல்ல, பின்னால வந்து குறை சொல்லக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் லென்ஸக் குடுத்துருக்காங்க. இந்த லென்ஸ்ல நடுவுல நிக்கிற ஆளு சரியாத்தான் தெரிவாரு, ஓரத்துல இருக்க சுவரும் தூணும் எவர்சில்வர் சொம்புல முகம் பாத்தா தெரியுமே, அப்படி வளையும். கேமரா நின்னா அவ்வளவா தெரியாது, கேமரா பக்கவாட்டுல திரும்பும்போதுதான் சுவரு நெளிஞ்சு நெளிஞ்சு கூடவே வர்ற மாதிரி இருக்கும். நமக்கு என்னமோ சரியில்லன்னு படும், எதுன்னு கை வச்சுச் சொல்ல முடியாது. கதையிலயும் அப்படித்தான், அந்த வீட்டுல ஒரு மூலைகூட சரியான செங்கோணம் கெடையாது, கட்டுனவன் வேணும்னே கோணலா கட்டிருக்கான், கதவெல்லாம் மையம் தப்பி மாட்டிருக்கதால தானா சாத்திக்கிடும்னு டாக்டரு விளக்கம் சொல்லுவாரு. கட்டுனவனோட கோணலும் லென்ஸோட கோணலும் ஒண்ணா வந்து சேருது பாருங்க.

வெளியில இருந்து பாக்குற வீடு நெஜமான வீடு. இங்கிலாந்துல வாரிக்ஷயர்ல எட்டிங்டன் பார்க்னு பழைய கோதிக் மாளிகை, ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம், இப்ப அது ஹோட்டல். உள்ள நடக்கிறது எல்லாம் போரம்வுட்ல இருந்த எம்.ஜி.எம். ஸ்டுடியோவுல போட்ட செட்டு. அமெரிக்கக் கதைய இங்கிலாந்துல போயி எடுத்ததுக்குக் காரணம் காசுதான், பட்ஜெட் பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல, அங்க அந்தக் காசுக்கு இன்னும் பெருசா எடுக்க முடிஞ்சுது. அந்த மாளிகைய வெளிய இருந்து எடுக்கையில சில ஷாட்டுக்கு இன்ஃப்ராரெட் ஃபிலிம் போட்டிருக்காங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அந்தப் பக்கத்து வெளிச்சத்தப் புடிக்கிற ஃபிலிம் அது. அதுல நீல வானம் கறுத்துப் போகும், பச்சை எலையெல்லாம் வெளுத்துரும், கல்லுல இருக்க கோடும் வரியும் துருத்திக்கிட்டுத் தெரியும். பகல்ல எடுத்ததுதான், ஆனா பகலும் இல்லாம ராத்திரியும் இல்லாம ஒரு நேரம் அது. கலர்ல இத செய்யவே முடியாது, கறுப்பு வெள்ளைங்கிறது இந்தப் படத்துக்கு ஒரு குறையோ பழசோ இல்ல, அது கருவி.

உள்ள செட்டு போட்டவரு எலியட் ஸ்காட். பேய் வீடுன்னதும் ஒட்டடையும் இருட்டு மூலையுமா நெனச்சுக்கிட்டுப் போனீங்கன்னா அங்க அப்படி ஒண்ணும் இருக்காது. ரூமெல்லாம் நல்ல வெளிச்சம், ஒளியுறதுக்கு ஒரு மூலை கெடையாது, சுவரு பூரா வேலைப்பாடு, தூசி இல்ல, எல்லாம் துடைச்சு வச்ச மாதிரி. சாதாரணமா செட்டுக்கு மேல்கூரை போட மாட்டாங்க, விளக்கு தொங்கவிடணும்ல, இங்க எல்லா ரூமுக்கும் கூரை போட்டு அதையும் ஃப்ரேமுக்குள்ள கொண்டாந்துட்டாங்க, அதனால ஆளுக தலைக்கு மேல எப்பவும் வீடு அமுக்கிக்கிட்டே இருக்கும். கண்ணாடி வேற எங்க பாத்தாலும். எலினோர் ஒரு திருப்பத்துல திரும்புனா தன்னையே பாத்துப் பயந்துருவா.

அந்தக் கதவு சீனச் சொல்லாம விட முடியாது. நாலு பேரும் ஒரு ரூமுக்குள்ள கதவ சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க, வெளிய என்னமோ வருது, வந்து கதவு மேல சாயுது, கனமான மரக் கதவு நடுவுல மட்டும் உப்பி வீங்கி, கொஞ்ச நேரம் நின்னு, மறுபடி அமுங்குது. கதவு மூச்சு விடுது. இத எப்படிச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு இன்னும் மரியாதை கூடிருச்சு. மெல்லிசு மெல்லிசா பலகைய ஒட்டி, வளையுற மாதிரி ஒரு கதவு செஞ்சு, பின்னால நல்ல தெம்பான ஒரு ஆள நிறுத்தி ஒரு கட்டையால தள்ள விட்டுருக்காங்க. அவ்வளவுதான். ஒரு தச்சு வேலை, ஒரு ஆளோட தோள் பலம். அறுபது வருஷம் தாண்டியும் அந்த ஷாட்டு கெடாம நிக்குது.

சத்தத்துக்கு வருவோம். மொத நாள் ராத்திரி எலினோர் தூக்கத்துல இருக்கா, சுவத்துல தட்டுற சத்தம் கேக்குது. அரைத் தூக்கத்துல "வாரேன் அம்மா"ங்கிற மாதிரி பதில் சொல்லிக்கிட்டே எந்திரிக்கா. பொறவுதான் அவளுக்கு உறைக்குது, அம்மா செத்துட்டாங்க, இது அந்த வீடு இல்ல. ஓடிப் போயி பக்கத்து ரூமுல தியோகிட்ட ஒண்டிக்கிடுதா. சத்தம் தாழ்வாரத்துல தூரத்துல இருந்து ஒவ்வொரு கதவா இடிச்சுக்கிட்டு வருது. பக்கத்துல வந்ததும் நின்னுருது. அந்த அமைதிதான் கொடுமை. கேமரா கதவோட ஓரத்தயே தடவித் தடவிப் பாக்கும், கைப்பிடி மெல்ல அசையும், வேற ஒண்ணுமே நடக்காது. இந்தச் சத்தத்தையெல்லாம் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி ஷூட்டிங் நேரத்துல செட்டுலயே போட்டுக் காட்டிருக்காங்க, எலினோரா நடிச்ச ஜூலி ஹாரிஸும் தியோவா நடிச்ச கிளேர் ப்ளூமும் நெஜமாவே அதக் கேட்டுக்கிட்டுத்தான் நடிச்சாங்க. அவுக கண்ணு சத்தம் வர்ற திசையிலயே ஓடும், நடிகைங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே எடத்தப் பாப்பாங்க, அதக் கவனிங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அந்த நேரத்துல நாய் மாதிரி ஒண்ணப் பாத்து வெளிய தொரத்திக்கிட்டுப் போயிருக்காங்க, அவங்களுக்கு இந்தச் சத்தமே கேக்கல.

இந்தச் சீன நான் கல்லிடைக்குறிச்சியில எங்க அண்ணன் வீட்டுல வச்சு ஒரு ஆடி மாசத்துல மறுபடி பாத்தேன். செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து அந்த மாசத்துல எப்படி இருக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம், புறவாசக் கதவு படார்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும், ஆணியில தொங்குற முறம் தானா ஆடும். மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது, சப்டைட்டிலும் இங்கிலீஷ்லதான் ஓடுது, அவுக கீரை ஆய்ஞ்சுக்கிட்டே அப்பப்ப நிமிந்து பாத்தாக. இந்த தட்டுற எடத்துல கைய நிறுத்திட்டு, "இந்தப் புள்ள யாருக்கோ சீக்கு பாத்துருக்கால்லா"ன்னு கேட்டாக. ஆமா மதினி, பதினோரு வருஷமா அம்மாவுக்குப் பாத்தவன்னு சொன்னேன். "அதான் தட்டுனதும் எந்திக்கா"ன்னு சொல்லிட்டு மறுபடி கீரையில குனிஞ்சுட்டாக. வசனம் ஒண்ணுமே புரியாம ஒருத்தருக்கு இவ்வளவும் போய்ச் சேருதுன்னா அந்தத் தட்டுற சத்தமும் ஜூலி ஹாரிஸ் எந்திரிக்கிற விதமும் எவ்வளவு சரியா வந்துருக்கணும்.

எலினோரோட நெலமைய கொஞ்சம் பக்கத்துல வச்சுப் பாக்கணும். அம்மா படுக்கையில கெடந்தாங்க, ராத்திரி எது வேணும்னாலும் சுவத்துல தட்டுவாங்க, இவ எந்திரிச்சுப் போவா. கடைசி ராத்திரி தட்டுனாங்க, இவ போகல. கேக்கலையா, கேட்டும் போகலையான்னு அவளுக்கே தெரியல. அபிகெய்ல் கதையும் இதே கதைதான், சுவத்துல தட்டுனா, யாரும் வரல. வீட்டோட பாவமும் இவளோட பாவமும் ஒண்ணாயிருது, வீடு இவள ஏன் தேர்ந்தெடுத்துச்சுன்னு இதுக்கு மேல யாரும் விளக்கவே வேண்டாம். அம்மா செத்த பொறவு அக்கா வீட்டுல ஹால்ல சோபாவுல படுத்துக் கெடக்கா. கார் வாங்குனதுல பாதிக் காசு இவளோடது, ஆனா எடுத்துட்டுப் போகக் கேட்டா அக்காவும் அத்தானும் முடியாதுன்னுட்டாங்க. சொல்லாமக் கொள்ளாம எடுத்துட்டுக் கெளம்பி வாரா. வர்ற வழியில தனக்கு ஒரு நாள் சொந்தமா ஒரு வீடு இருக்கும், வாசல்ல ரெண்டு கல்லு சிங்கம் காவல் இருக்கும்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டே வாரா. ஹில் ஹவுஸுக்கு வந்ததும் தியோகிட்ட, எனக்குன்னு தனியா வீடு இருக்கு, அதுல கல்லு சிங்கமெல்லாம் இருக்குன்னு பொய் சொல்லுதா. அந்தப் பொய்யச் சொல்லும்போது ஜூலி ஹாரிஸ் மூஞ்சியில வர்ற சந்தோஷம் இருக்கே, இந்தப் படத்துலயே என்ன ரொம்ப உலுக்குன எடம் அதுதான், எந்தக் கதவும் எந்தச் சத்தமும் அதுக்கப்புறந்தான். போக்கிடம் இல்லாத ஒருத்தி, போக்கிடம் இருக்குன்னு சொல்லுதா.

அதுக்குப் பொறவு சுவத்துல சாக்பீஸ்ல இவ பேரப் போட்டு, வீட்டுக்கு வந்துருன்னு எழுதிருக்கு. எல்லாரும் மிரண்டு போறாங்க. இவளும் மிரளுதா, ஆனா அதுக்குள்ள ஒரு பெருமையும் இருக்கு, வாழ்க்கையில மொத தடவையா ஒரு வீடு தன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுருக்கே. இன்னொரு ராத்திரி சுவத்துக்குள்ள ஒரு ஆம்பள முணுமுணுக்குற சத்தம், ஒரு குழந்தை அழுகுற சத்தம். இருட்டுல தியோ கையப் புடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டிருக்கா, புடி இறுகிக்கிட்டே போகுது, கேமரா சுவத்துல இருக்க பூவேலைப்பாட்டயே பாக்கும், பாத்துக்கிட்டே இருந்தா அதுல கண்ணும் வாயுமா ஒரு மூஞ்சி உருவாயிரும், அது நாமளா உண்டாக்கிக்கிடுதது. கத்திட்டு லைட்டப் போட்டா தியோ ரூமோட அந்தப் பக்கம் படுத்திருக்கா. அப்ப இவ்வளவு நேரம் யாரு கையப் புடிச்சிருந்தேன்னு எலினோர் கேக்கா. படம் அதுக்குப் பதில் சொல்லாது. ஜூலி ஹாரிஸ் அந்த ஷூட்டிங் நேரத்துல நெஜமாவே மனச்சோர்வுல இருந்துருக்காங்க, மத்த நடிகருங்ககூட ஒட்டாம தனியாவே இருந்தாங்க. நம்மகிட்ட ஏதோ கோவம்போலன்னு கிளேர் ப்ளூம் நெனச்சிருந்தாங்க, படம் முடிஞ்ச பொறவு ஹாரிஸே வந்து காரணத்தச் சொன்னாங்க. அந்த ஒதுக்கம் திரையில தெரியத்தான் செய்யுது.

நம்ம பக்கத்துப் பழைய வீடுகளயும் இந்த ஹில் ஹவுஸையும் சேத்து யோசிச்சுப் பாத்தேன். தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுப்பங்கரை, புறவாசல்னு எல்லாம் ஒரே நேரா இருக்கும், நடையில நின்னு பாத்தா புறவாசல் வழியா தென்னைமரம் தெரியும், யாரு எங்க இருக்காங்கன்னு வீட்டுக்கே தெரியும். ஹில் ஹவுஸ் அதுக்கு நேர் எதிர். எந்தக் கதவு எங்க போகுதுன்னு யாருக்கும் புடிபடாது, ரூமுக்குள்ள ரூமு, சொந்தமா அங்க இருக்கவங்களே வழி தப்புறாங்க. வேலைக்காரம்மா வேற பொழுது சாஞ்சா நாங்க இருக்க மாட்டோம், ராத்திரியில நீங்க கத்துனாலும் யாருக்கும் கேக்காதுன்னு மொத நாளே சொல்லிட்டுப் போயிருதா. நம்ம வளவு வீடுகள்ல ஒருத்தி கத்துனா ஏழு வீட்டுக்குக் கேக்கும். அதனால நம்ம ஊரு பேய் வீட்டுக்குள்ள அவ்வளவா இருக்காது, அது புளியமரத்துலயோ வாய்க்கால் கரையிலயோ பாழுங்கெணத்துலயோ வெளியதான் இருக்கும், வெள்ளைக்காரன் பேய்தான் வீட்டுக்குள்ள, அதுவும் பெரிய வீட்டுக்குள்ள, ஆளு கொறைஞ்ச வீட்டுக்குள்ள.

இதவிட முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. நம்ம பக்கத்துல அநியாயமா செத்தவங்கள அப்படியே விட்டுற மாட்டாங்க. ஒரு எடம் குடுப்பாங்க, பீடம் போடுவாங்க, வருஷம் ஒரு தடவ கொடை குடுத்து வில்லு வச்சு அவங்க கதைய அவங்களுக்கே படிப்பாங்க. பாபநாசத்துக்கு மேல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல பட்டவராயன் இருக்காரே, அவரு கதை முத்துப்பட்டன் கதை. பிராமணனாப் பொறந்து, பொம்மக்கா திம்மக்கான்னு தாழ்த்தப்பட்ட சாதியில பொறந்த ரெண்டு அக்கா தங்கச்சியக் கட்டிக்கிட்டு, மாடு கடத்த வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்தவரு, அவருக்கு இன்னைக்கும் சனங்க செருப்பு செஞ்சு கொண்டாந்து வச்சுக் கும்புடுதாங்க. நடுராத்திரி சாமக்கொடையில வில்லுக்காரர் வீசுகோல வில்லுல தட்டி ஒரு வரி படிச்சு நிறுத்துனா பின்பாட்டுக்காரங்க "ஆமா"ம்பாங்க, உடுக்கையும் குடமும் ஏறிக்கிட்டே போகும், செத்த எடம் வரும்போது சாமியாடிக்கு அருள் வந்துரும், செத்தவரே வந்து நின்னு என்ன வேணும்னு கேட்டு வாங்கிக்கிடுவாரு. ஊரு மொத்தமும் உக்காந்து கேக்கும், பிள்ளைங்க மடியிலயே தூங்கிரும். பயம் அங்கயும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா செத்தவங்க சொல்றதக் கேக்க ஆளு இருக்கு, "ஆமா"ன்னு சொல்ல ஆளு இருக்கு.

ஹில் ஹவுஸ்ல செத்த நாலு பொம்பளைங்களுக்கும் அது இல்ல. அவங்க கதைய டாக்டரு ஒரு குறிப்பு மாதிரி படிச்சுக் காட்டுவாரு, அவரு கையில நோட்டு இருக்கு, உடுக்கை இல்ல. சுவத்துல தட்டுறாங்க, யாரும் திருப்பித் தட்டல. எலினோர் ஒருத்திதான் பதில் சொல்லுதா, அதுவும் தூக்கக் கலக்கத்துல தன் அம்மாவுக்குன்னு நெனச்சு. பதில் சொன்னவள வீடு புடிச்சு வச்சுக்கிடுது. கடைசியில அவளுக்கு ஆகாதுன்னு டாக்டரு அவள ஊருக்கு அனுப்பப் பாப்பாரு, நல்ல எண்ணத்துலதான், ஆனா அவளுக்குப் போக எடமில்லன்னு அவருக்கு மண்டையில ஏறவே இல்ல. கார் தானா திரும்புது, மொத பொண்டாட்டி செத்த அதே மரம். நாவல்ல கடைசியில எது அங்க நடமாடுதோ அது தனியாத்தான் நடமாடுதுன்னு முடியும், படத்துல அதே வரிய எலினோர் குரல்ல குடுத்து, இங்க நடமாடுற நாங்க தனியாத்தான் நடமாடுதோம்னு மாத்திட்டாங்க. அவ ஆசப்பட்ட வீடு கெடச்சிருச்சு, கூட்டமும் கெடச்சிருச்சு, அந்தக் கூட்டத்துலயும் ஒவ்வொருத்தியும் தனியாத்தான் இருக்கா.

இத எழுதும்போது எனக்கு நெனவுக்கு வர்றது ஏ. வின்சென்ட். 'தி ஹாண்டிங்' வந்த அதே 1963ல ஸ்ரீதரோட 'நெஞ்சம் மறப்பதில்லை'க்கு கேமரா அவருதான், பாழடைஞ்ச ஜமீன் மாளிகைய கறுப்பு வெள்ளையில எப்படிக் காட்டணும்னு தமிழ்ல பாடம் எடுத்த படம் அது. அடுத்த வருஷமே அவரு டைரக்டராகி மலையாளத்துல 'பார்கவி நிலையம்' எடுத்தாரு, வைக்கம் முகம்மது பஷீர் தன்னோட கதைய வச்சு தானே எழுதிக் குடுத்தது. ஒரு எழுத்தாளன் பேய் இருக்குன்னு சொல்ற வீட்டுக்குக் குடி வாரான். செத்துப்போன பார்கவிகிட்ட பேச்சுக் குடுக்கான், அவ கதைய எழுதுதான், எழுதுனத அவளுக்கே வாசிச்சுக் காட்டுதான். ஹில் ஹவுஸ்ல ஒரு பொண்ணு பதில் சொல்லி மாட்டிக்கிட்டா, இங்க ஒருத்தன் கதை படிச்சு பார்கவிய அமத்துதான். பஷீர் வில்லுப்பாட்ட நெனச்சு எழுதுனாருன்னு நான் சொல்ல வரல, ஆனா நம்ம தெக்கத்தி மண்ணுல செத்தவங்ககிட்ட கதை சொல்றதுங்கிறது புதுசு இல்லல்லா.

1999ல 'தி ஹாண்டிங்' மறுபடி எடுத்தாங்க, கலர்ல, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல. கிரெய்னோட பேய் பெருசா எந்திரிச்சு வருது, செலையெல்லாம் கைய நீட்டுது. காசு கொட்டிருக்காங்க, ஆனா பேயக் காட்டுனதும் அது வில்லன் ஆயிருது, வில்லன்னா தோக்கடிக்கலாம், தோக்கடிச்சதும் கதை முடிஞ்சுது. எலினோருக்கு வீடு இல்லங்கிற விஷயம் அந்தச் சண்டையில எங்கயோ போயிருச்சு. அதப் பத்தி இதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் இல்ல.

பழைய படம் 112 நிமிஷம். பாக்குறவங்க ஒண்ண மட்டும் கவனிங்க, டிவி திரைக்கு ஏத்த மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டுன பிரிண்ட் சுத்திக்கிட்டிருந்தா அதத் தொடாதீங்க, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட முழு அகலமும் தெரியுற பிரிண்ட்டாத் தேடுங்க. அந்த 30 மில்லிமீட்டர் லென்ஸ் சுவத்த வளைக்கிறது ஓரத்துலதான், ஓரத்த வெட்டிட்டா அந்த வேலை பூராவும் போயிரும். போன்ல பாக்காதீங்க. சத்தத்த நல்லா வச்சு, ஸ்பீக்கர்ல, கூட ரெண்டு பேர உக்கார வச்சுக்கிட்டுப் பாருங்க.